அப்பாவுக்கு மட்டும் கேட்ட மழை

எங்கள் ஜெபக் கூட்டத்தில் பாட்டு கிடையாது. கைத்தட்டல், மைக் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு டீச்சரின் குவார்ட்டர்ஸ் முன்னறையில் கூடுவோம். கதவைச் சாத்தி, ஃபோன்களை அணைத்து ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துவிடுவோம். கடைசியாக டீச்சர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவார். அதன்பிறகு ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்பதற்காக உட்காருகிறோம் என்பார் டீச்சர். இத்தனை நாளும் கடவுளிடம் நாமே பேசிக்கொண்டிருந்தோமே, அவரைப் பேச விட்டோமா?

சித்திரை மாதத்தில் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதுகில் வேர்வை கோடு கோடாக இறங்கும். எதிர் பிளாக்கில் இருந்த ஆபரேட்டர் ஒருவர் என்னை வாசலில் மடக்கி, "இன்னா தம்பி, கரண்ட்டு எடுக்குற ஊர்லயே ஒக்காந்துகினு ஃபேன நிறுத்திட்டு வேர்க்குறீங்க. இதுக்குப் பேரு ஜெபமா, ஆவி புடிக்கிறதா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

கூட்டம் முடியும்போது ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தனக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஒருவருக்கு நெஞ்சில் குளிர்ச்சி, இன்னொருவருக்கு மூடிய கண்ணுக்குள் வெளிச்சம். ஒன்றும் கிடைக்காதவர்கள் "காத்திருக்கேன்" என்று சொன்னால் போதும். பொய் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. சேர்ந்த நாளிலிருந்து நான் சொல்லிவந்தது அந்த ஒரே வார்த்தை.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். இப்போது டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கல்லூரி நூலகத்தில் யாரும் தொடாத ஓர் அலமாரியில்தான் பழைய கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றிப் படித்தேன். ஊரைவிட்டுப் பாலைவனத்துக்குப் போய்க் குகைகளில் உட்கார்ந்தவர்கள். மடத்து அறைக்குள் கடவுளைக் காதலனைத் தேடுவதுபோலத் தேடிய பெண்கள். அவர்கள் கடவுளைப் பற்றித் தெரிந்துகொள்வதில் திருப்தியடையவில்லை. அவரே வேண்டும் என்றார்கள். படித்ததிலிருந்து அது எனக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. எனக்கும் அவரைப் பற்றி இனி ஒன்றும் தெரிய வேண்டாம், அவர் வேண்டும் என்று இருந்தது. டீச்சரின் கூட்டத்தைத் தேடிப் போனது அப்படித்தான்.

அப்பா வந்தது வேறு காரணத்துக்காக.

எங்கள் வீட்டில் முதலில் கிறிஸ்துவிடம் போனவர் அம்மா. எனக்கு முன்னால் பிறந்த குழந்தை இறந்தபோது ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தது முத்தாண்டிக்குப்பம் பக்கத்துச் சபையின் பாஸ்டரம்மா மட்டும்தானாம். அப்பா தடுக்கவில்லை, கூடப் போகவும் இல்லை. "ஒங்கம்மா சாமி நல்ல சாமிதான்டா. எனக்குத்தான் லீவு கெடைக்கல" என்பார். பிறகு அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. கடைசி நாட்களில் பேச்சு நின்றுவிட்டது. அம்மா இறந்த அன்று அப்பா ஷிஃப்டில் இருந்தார். கிளம்பும்போது அம்மா ஏதோ சொல்ல வாயசைத்ததாகவும், வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டதாகவும் என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார்.

அதன்பிறகு அவராகவே அம்மாவின் சபைக்குப் போனார். சில வாரங்களிலேயே நின்றுவிட்டார். "எல்லாரும் கத்துறாங்கடா. அந்தச் சத்தத்துல அவளே வந்து சொன்னாக்கூட எனக்குக் கேக்காது" என்றார். அதனால்தான் அவரை டீச்சர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு இருந்த ஜெபமும் ஒன்றுதான். வழியில் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "எனக்கு வெளிச்சம்லாம் வாணாம். ஒரு சத்தம் குடுத்தா போதும். அவ எங்கியோ இருக்குறான்னு தெரிஞ்சா போதும்."

அப்பாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் வெகுதூரம் கொண்டுபோகும் பெல்ட்டின் அடியில், சிந்திக் கிடப்பதை மண்வெட்டியால் வாரி மேலே போட வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே வேலை. காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுத்திருந்தார்கள். வேர்வையில் அரிக்கிறது என்று அதைச் சட்டைப்பையில் போட்டு வைத்திருப்பார். துணி துவைக்கும்போது அம்மா அதை எடுத்து ஜன்னலில் வைப்பார்.

டீச்சர் வீட்டில் அப்பா கதவோரமாக, செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். "மேல வாங்க அண்ணாச்சி" என்று டீச்சர் எத்தனை முறை கூப்பிட்டாலும், "இருக்கட்டுங்க, இங்கியே காத்து வருது" என்பார். காற்று எங்கும் வராது. வாரா வாரம் அவரும் "காத்திருக்கேன்" என்றார். எங்கள் இருவருக்கும் அது ஒரு சின்ன ஒற்றுமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முறை வந்தபோது தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு சத்தம் கேக்குதுங்க" என்றார்.

தலைக்கு மேலே நின்றிருந்த ஃபேனைக் கையால் காட்டினார்.

"ஃபேனு நின்னதும் ஆரம்பிக்குது. தூரத்துல மழ பேஞ்சிகினு வருமே, அந்த மாரி. வந்துகினே இருக்குது. ஆனா நம்ம மேல உழல."

டீச்சர் தென்கோடிக்காரர். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். வேலைக்காக நெய்வேலி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "இப்பவும் கேக்குதா அண்ணாச்சி?"

"கேக்குதுங்க. வூட்லயும் கேக்குது, படுத்தா."

"நான் எத்தன வருசமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். எனக்கு வெளிச்சம் வந்திருக்கு. சத்தம் ஒருநாளும் வந்ததில்ல." அவர் சேலைத் தலைப்பால் கண்ணை அழுத்திக்கொண்டார். தண்ணீரின் இரைச்சல்போல ஆண்டவர் குரல் இருக்கும் என்று வேதத்திலேயே உண்டே என்று யாரோ சொன்னார்கள். அறை முழுக்க ஒரு சிலிர்ப்பு. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது, "அதுல அம்மா இருக்குறாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"அவ கொரல் இல்லடா. ஆனா அவ இருக்குற எடத்துலேர்ந்து வருது. அது தெரியுது."

அப்பா மாறிப்போனார். அம்மா போனபிறகு பழகியிருந்த குடி, யாரும் சொல்லாமலே நின்றது. தினமும் முகச்சவரம் செய்தார். வேலை விட்டு வந்ததும் குளித்து, டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்காருவார். முகத்தில் ஒரு நிதானம் வரும். பெண் பார்க்கப் போன காலத்து ஃபோட்டோவில் இருக்கும் முகம் அது. கூட்டத்தில் அவருக்கு டீச்சரின் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். ஒரு ஃபிட்டரின் மனைவி, காய்ச்சலாக இருந்த குழந்தையைக் கொண்டுவந்து தலையில் கைவைக்கச் சொன்னார். அப்பா வெட்கத்தில் நெளிந்தார். "என் கை பூரா கிரீஸுங்க. புள்ளைக்கு ஒட்டிக்கும்." அந்த அம்மாள் விடவில்லை. அவர் வைத்தார்.

எனக்கு உள்ளே எரிந்தது. அதை எழுதாவிட்டால் இது முழுதாகாது. புத்தகம் படித்தவன் நான், பட்டினி கிடந்து ஜெபித்தவன் நான். எனக்கு ஒன்றுமில்லை. அவருக்குச் சுவரில் சாய்ந்தால் போதும். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கும்போது அந்த எரிச்சல் அடங்கிவிடும். நம் வீட்டுக்குள் ஒருவருக்கு அது வந்திருக்கிறது, அதுவே பெரிது என்று தோன்றும்.

அந்த நாட்களில்தான் அவர் கூப்பிட்டால் திரும்பாமல் போனார். குக்கர் விசில் அடித்துத் தீரும், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "சாப்பிட வாப்பா" என்றால், "ம், நாளைக்குப் பாக்கலாம்" என்பார். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தாலும் ஒதுங்க மாட்டார். நான் படித்த துறவிகளும் அப்படித்தான் இருந்தார்கள். கடவுளை நெருங்க நெருங்க வெளியுலகச் சத்தம் அவர்களுக்கு மங்கிப்போனதாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தெரியாதாம். அதனால் நான் அப்பாவிடம் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டேன். லயிப்பில் இருப்பவரைக் கலைக்கக் கூடாது என்று அவர் பக்கத்தில் பூனை மாதிரி நடந்தேன். ஒலியைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன்தான் நான்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் அப்பாவுடன் பெல்ட்டில் வேலை செய்யும் மாமா வந்தார். சொந்த மாமா இல்லை, ஒரே தெருக்காரர். அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அப்பா குளிக்கப் போயிருந்தார். மாமா வாசலிலேயே நின்றுகொண்டார்.

"மாப்ள, ஒங்கப்பனுக்கு இன்னா ஆச்சி?"

"ஏன் மாமா?"

"நின்னுருந்த பெல்ட்ட மறுபடி ஓட்டுறதுக்கு முன்ன ஹூட்டர் அடிப்பாங்க. அடிச்சா எல்லாரும் வெலகிடணும். இன்னைக்கு ஹூட்டர் அடிக்குது, இந்த ஆளு ரோலர் கிட்ட குனிஞ்சி வாரிகினே இருக்குறாரு. நான் கத்துறன், திரும்பல. ஓடிப்போயி சட்டயப் புடிச்சி இழுத்தன். கிழிஞ்சிபோச்சி. அந்தத் துணி பெல்ட்டுல மாட்டியிருந்தா இந்நேரம் ஆளக் கூடையிலதான் அள்ளியாந்துருக்கணும்." அவர் சிரிக்க முயன்றார். "சாமி சத்தமே காதுல ரொம்பியிருந்தா ஹூட்டர் சத்தம் எங்க நொழையும்? ஒங்க சாமிகிட்ட சொல்லி வேல நேரத்துல மட்டும் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு."

அவர் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் போய், "அப்பா" என்றேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன். பிறகு கைகளைத் தட்டினேன். அவர் துவட்டிக்கொண்டேயிருந்தார்.

எதிரில் வந்து, முகத்தைப் பார்த்து, "நாளைக்கு வேலைக்குப் போவாதப்பா. டாக்டரப் பாக்கலாம்" என்றேன்.

"எதுக்கு?"

"ஹூட்டர் கேக்கலையாமே."

அவர் சிரித்தார். கனிவான சிரிப்பு. "அவரு கூடவே இருக்குறாருடா. ஹூட்டர் எதுக்கு? எதுனா வந்தா மொதல்ல அவரு சொல்லுவாரு."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் மறுநாளும் போவார், குனிவார். இழுக்க மாமா எப்போதும் பக்கத்தில் இருக்க மாட்டார். அந்தச் சத்தத்தைச் சாமி என்று நம்பும்வரை அப்பா பெல்ட்டை விட்டு வர மாட்டார். டீச்சரிடம் ஓடினேன். அது சாமி சத்தம் இல்லை என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். "நான் எப்படிச் சொல்லுவேன் தம்பி? எனக்கு வராதது அவருக்கு வந்திருக்கு. இல்லன்னு சொல்ல எனக்கு யோக்கியத கெடையாது" என்றார்.

பண்ருட்டியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். காதில் அழுக்கு எடுக்க என்று பொய் சொன்னேன். அங்கே கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் அப்பாவை உட்காரவைத்து, பெரிய ஹெட்ஃபோனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும். வெளியில் ஒரு பெண் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தாள். அப்பா கையைத் தூக்கினார். பிறகு இறக்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, ஆராதனையில் நிற்பவர்களைப்போல.

அந்தப் பெண் சலித்துக்கொண்டாள். "சார், நான் ஒண்ணுமே போடலன்னாலும் கை தூக்கிகினே இருக்கறாரு. சத்தம் வந்தாதான் தூக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்க."

டாக்டர் அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார். "மைன்ஸ்ல வேலையா? காதுக்குள்ள எரச்சல் இருக்கா? மழை பேயற மாதிரி?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. கூட்டத்தில்கூட அப்படி மலர்ந்ததில்லை. என் பக்கம் திரும்பி, "பாத்தியாடா, இவுருக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார். டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

டாக்டர் என்னிடம் சாதாரணக் குரலில் பேசினார். பேரிரைச்சலில் வருடக்கணக்காக வேலை செய்தால் காதின் உள்நரம்பு கெட்டுவிடும், போனது திரும்பாது, கேட்கும் சக்தி போகப் போக அந்த இரைச்சல் கூடவே வரும், பழகிக்கொள்ள வேண்டியதுதான், மெஷின் பக்கமே விடாதீர்கள் என்றார். அப்பா எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சொல்றாரு?"

"வெளியில போய் சொல்றன்பா."

பஸ் ஸ்டாண்டில் பலாப்பழ வாசனை மூச்சை அடைத்தது. கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நிறுத்திச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "இன்னா?" என்று காதைக் கிட்டத்தில் கொண்டுவந்தார். இப்படியொரு விஷயத்தை மெதுவாகச் சொல்ல வழியில்லாமல் போனது.

"காது கெட்டுப்போச்சிப்பா! பெல்ட்டு சத்தத்துல! அந்த மழ சத்தம் காதுக்குள்ளேர்ந்து வருது! அது சாமி இல்ல!"

பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். ஒரு கண்டக்டரும் திரும்பினார். நான் கத்தியது எனக்கே கேட்டது.

அப்பா கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்போ ஒங்கம்மா?"

பஸ் வந்தது. ஏறினோம். காடாம்புலியூர் தாண்டும்வரை முந்திரித் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவரே போய்ச் சூப்பர்வைசரிடம் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். "தெரிஞ்ச பிறகு பெல்ட்டுப் பக்கம் விட்டா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்ங்க" என்றாராம். அதோடு வேலை நின்றது. அப்பா உயிரோடு இருக்கிறார். இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. நாற்காலி கொஞ்ச நாள் காலியாக இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். நடந்ததைச் சொன்னபோது டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அப்போ எனக்கு வந்த வெளிச்சத்துக்கு நான் கண் டாக்டர்ட்ட போணுமா தம்பி?" என்றார். சிரிப்பதுபோலத்தான் சொன்னார். அன்று முடிவில் அவரும் "காத்திருக்கேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் துறவிகளிடம் இதற்கும் பதில் இருக்கிறது. காண்பதும் கேட்பதும் கடவுள் அல்ல, இனிமையாக வருவதையும் விட்டுவிட வேண்டும், ஒன்றுமற்ற இருட்டில்தான் அவர் அதிகமாகக் கிட்டே இருக்கிறார் என்பார்கள். அதை நான் நம்புகிறேன், இப்போதும். ஆனால் அவர்கள் தாங்களாக விட்டார்கள். அப்பா எதையும் விடவில்லை. அவர் கையிலிருந்தது பஸ் ஸ்டாண்டில் பிடுங்கப்பட்டது. ஒருநாள் அவரிடம் இந்த இருட்டைப் பற்றிச் சொல்லலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னா?" என்றார். மறுபடி சொன்னேன். "இன்னாது, இருட்டா? லைட்டப் போட்டுக்க" என்றார். மெதுவாக மட்டுமே சொல்லக்கூடியதை எப்படிக் கத்திச் சொல்வது? எழுந்து லைட்டைப் போட்டேன்.

சத்தம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. டாக்டர் சொன்னபடி கூடிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பு டிவியை நிறுத்தச் சொன்னவர் இப்போது அது எந்நேரமும் ஓட வேண்டும் என்கிறார். வார்த்தை புரியாது, ஆனாலும் ஓட வேண்டும். ஃபேன் பனிக்காலத்திலும் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் சத்தம் தெரியாமலிருக்க வெளியே ஏதாவது சத்தம் வேண்டும். மறுபடி குடிக்கிறார்.

போன வாரம் விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. டிவி அணைந்தது. ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. தெருவே அடங்கிவிட்டது. சுவரில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினார், பிறகு அதில் பயனில்லை என்று தெரிந்ததுபோல எடுத்துவிட்டார். நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. டீச்சர் வீட்டில் உட்காருவதுபோலவே கால் மடக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டு.

மங்கிய வெளிச்சத்தில் அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஒனக்கு எதுனா கேக்குதாடா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒண்ணுமே கேக்கல?"

மறுபடி ஆட்டினேன்.

"குடுத்துவெச்சவன்டா நீ" என்றார்.

கரண்ட் வரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, அவருக்கு வருவதில் ஒரு துளியாவது எனக்கும் வராதா என்று உட்கார்ந்திருந்தேன்.